பசியோடு வீடு திரும்பும் கணவன்

அவளை அண்ணி என்று கூப்பிட உரிமை உள்ளவன் உலகத்தில் ஒருவன்தான். காலமாகிவிட்ட கணவனின் தம்பி. ஆனால் அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் போனை எடுப்பவன் அவனே என்பதால், "இருங்க, அண்ணிகிட்ட குடுக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லியே வழக்கோடு வருகிறவர்கள், போலீஸ் இன்ஸ்பெக்டர், கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடைக்காரர் என்று அத்தனை பேருக்கும் அவளை அண்ணியாக்கி வைத்திருந்தான். பதிலுக்கு அவள் அவனுக்கு வைத்த பெயர் மைக். ஒருமுறை பேச ஆரம்பித்தால் அணைக்க ஸ்விட்ச் கிடையாது.

அன்று சாயங்காலம், சுற்றுலாப் பயணிகள் மொய்க்கிற தெரு ஒன்றில், தொப்பிக் கடை வாசலில் இருவரும் நின்றிருந்தார்கள். சக்கரம் வைத்த பெட்டிகள் கல் பாவிய தரையில் கடகடவென்று உருண்டு போய்க்கொண்டிருந்தன. காலையிலிருந்து ஒரே மனிதரைப் பின்தொடர்ந்ததில் அண்ணிக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல இருந்தது. உடம்பு அலுப்பைவிட மன அலுப்பு பெரிது. புருஷன் மேல் சந்தேகம், பெண்டாட்டி மேல் சந்தேகம். அவளிடம் வருகிற வழக்குகளில் முக்கால்வாசி அதுதான். யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளே இருப்பது ஒரே அழுகை என்று ஆகிவிட்டது.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவள் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில் வேலை பார்க்கிறவள். கணவர் சுற்றுலா வழிகாட்டி. ஊரில் எல்லோரும் கைடு என்றே கூப்பிடுவார்களாம். போன வாரம் பல் உடைந்து வந்த ஒரு வெளியூர்ப் பயணி, டாக்டர் கூப்பிடும்வரை பொழுதுபோகாமல், தான் சுற்றிப் பார்த்த இடங்களையெல்லாம் செல்போனில் அவளுக்குக் காட்டியிருக்கிறார். அதில் ஒரு படம், ஒரு துருக்கி உணவகத்தின் கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் அவளுடைய கணவர். எதிரே பச்சை ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண். கணவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவருக்கு இவ்வளவு பல்லு இருக்குன்னே எனக்குத் தெரியாது" என்றாள் அவள், அண்ணியின் அறையில் உட்கார்ந்து. "நான் வேலை பாக்கிறதோ பல் டாக்டர்கிட்ட."

சிரிப்பதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. 

வெளியூரில் இருக்கிற அக்கா, பேசாமல் என்னிடம் வந்துவிடு என்கிறாளாம். பெட்டி கட்டியாகிவிட்டதாம். அந்தப் பெண் யார், எத்தனை நாள் பழக்கம் என்று அண்ணி வந்து சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கே பஸ் ஏறிவிடுவதாகச் சொன்னாள். எழுந்து வாசல் வரை போனவள், திரும்பி நின்று, தனக்கே விளங்காத ஒன்றையும் சொன்னாள். கடையில் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர், தினமும் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் தட்டின் முன்னால் உட்கார்ந்து, பானையைக் காலி செய்கிறார். பட்டினி கிடந்தவர் மாதிரி சாப்பிடுகிறார். ஏன் என்று கேட்டால் நாள் முழுக்க அலைந்த பசி என்கிறார்.

அண்ணிக்கு அந்த ஒரு வாக்கியம்தான் துப்பாகப் பட்டது. மைக்குக்கு அப்படிப் படவில்லை. காதலியின் முன்னால் அழகாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காகக் கொறிப்பார், வீட்டுக்கு வந்து கொட்டிக்கொள்வார், உலகத்தில் பாதிக் காதல் அப்படித்தான் நடக்கிறது என்று விளக்கம் சொன்னான்.

இன்றைய பகல் அண்ணிக்கு இன்னொன்றையும் காட்டியிருந்தது. கைடு காலையில் இஸ்திரி போட்ட நீலச் சீருடையும் கையில் மஞ்சள் கொடியுமாக வீட்டைவிட்டுப் புறப்பட்டார். தெருமுனை திரும்பியதும் கொடியைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். சுற்றுலா பஸ்கள் நிற்கிற சதுக்கம் வந்தபோது, மற்ற வழிகாட்டிகள் நிற்கிற பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ச் சாரிக்குத் தாண்டி, சுவரை ஒட்டினாற்போல நடந்தார். பிறகு பூங்கா பெஞ்சு. பிறகு நூலகம். மறுபடியும் பூங்கா. புறாக்களுக்குப் போட அவரிடம் எதுவுமில்லை என்று தெரிந்து புறாக்களே அவரை விட்டுப் போய்விட்டன. விளக்கு எரிகிற நேரம் வந்ததும் எழுந்து, சீருடைக்கு மேல் ஒரு பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, இதோ எதிரே இருக்கிற துருக்கி உணவகத்துக்குள் நுழைந்தார்.

"வேலை போயிருக்கு. வீட்டுல சொல்லல" என்றாள் அண்ணி.

"வேலை இல்லாத மனுஷன் காதலிக்கு தினமும் கெபாப் வாங்கிக் குடுக்கிறாரா? அவர்கிட்ட நான் பாடம் படிக்கணும் அண்ணி."

"அதுதான் எனக்கும் இடிக்குது. வா, உள்ள போய்ப் பாக்கலாம்."

*

சின்னக் கடை. ஆனால் உள்ளே போனவுடன் வெளியே இருந்த குளிரும் இரைச்சலும் யாரோ கையால் துடைத்த மாதிரி மறைந்தன. உத்தரத்திலிருந்து வண்ணக் கண்ணாடி விளக்குகள் தொங்கின. சிவப்பும் நீலமுமாக அவற்றின் வெளிச்சம் வெள்ளை மேஜைவிரிப்புகளில் சிந்திக் கிடந்தது. நெய்த மெத்தைகள், செம்புப் பாத்திரங்கள், வாசலுக்கு மேலே கண்ணேறு படாமலிருக்க ஒரு நீலக் கண்ணாடிக் கண். கரி அடுப்பில் இறைச்சி வாட்டுகிற வாசனை.

முதலாளி முறுக்கு மீசையோடு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் விரிந்த கை கொஞ்சம் இறங்கியது. ஜன்னல் பக்கம் இரண்டு மேஜைகள் காலியாக இருந்தன. அண்ணி அவற்றில் ஒன்றைக் காட்டினாள். அது ரிசர்வ் ஆகிவிட்டது என்றார். பக்கத்து மேஜையா, அதுவும்தான். அவர்களைக் கடையின் அடிவயிறு வரை அழைத்துப் போய், சமையலறைக் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முழங்கையில் இடிக்கிற ஒரு மூலை மேஜையில் உட்கார வைத்தார்.

அவர்களுக்குப் பின்னாலேயே ஓர் இளம் ஜோடி உள்ளே வந்தது. கல்யாணமான புதிது போல, கை கோத்தபடி. ரிசர்வ் ஆன ஜன்னல் மேஜை மறுபேச்சில்லாமல் அவர்களுக்குக் கிடைத்தது.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் மைக். "உங்க மூஞ்சி இந்தக் கடைக்கு ஆகலபோல."

அண்ணி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சுற்றிலும் பார்த்தாள். அவர்கள் இருந்த பின்பக்கத்தில் தூங்கி வழிகிற ஒரு லாரி டிரைவர், பல்வலிக்காரர் போலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், ஒருவரோடொருவர் பேசாமல் சூப் குடித்த ஒரு தம்பதி. அழுது வடிகிற முகங்கள் எல்லாம் பின்னால். மலர்ந்த முகங்கள் எல்லாம் ஜன்னலில். நகைக் கடைக்காரர் மங்கிய நகையை அலமாரிக்கு உள்ளேயும் மின்னுகிறதை வெளியேயும் வைப்பது போல முதலாளி ஆட்களை அடுக்கியிருந்தார்.

அந்த ஜன்னலின் நட்டநடு மேஜையில் கைடு. எதிரே பச்சை ஸ்கார்ஃப்.

பருப்பு சூப் வந்தது. எலுமிச்சை பிழிந்து, மேலே சிவக்கக் காய்ச்சிய வெண்ணெய் ஊற்றியிருந்தார்கள். பந்து போல உப்பிய ரொட்டி வந்தது. மைக் அதைக் கிள்ளியதும் ஆவி அவன் கண்ணாடியை மூடியது. சுட்ட கத்தரிக்காயைத் தயிரில் மசித்தது வந்தது. பகல் முழுக்க வெறும் வயிற்றோடு நடந்தவள் அண்ணி. இருந்தும் நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அவள் கண் ஜன்னலிலேயே இருந்தது. மைக் அவளுக்கும் சேர்த்துச் சாப்பிட்டான். குடும்பப் பொறுப்பு என்றான்.

கைடு கத்தியால் கெபாபை வெட்டுகிறார். முள்கரண்டியில் குத்துகிறார். வாய் வரை கொண்டு போகிறார். ஏதோ ஞாபகம் வந்தது போல நிறுத்தி, பேசுகிறார். கரண்டி மறுபடி தட்டுக்குத் திரும்புகிறது. பச்சை ஸ்கார்ஃப் தேநீர்க் கிளாஸை உதட்டில் வைக்கிறாள், எடுக்கிறாள். கிளாஸில் தேநீர் இருந்த மட்டத்திலேயே இருக்கிறது.

"அவங்க மேஜையில எங்கயாவது ஆவி பறக்குதா பாரு" என்றாள் அண்ணி.

மைக் பார்த்தான். பக்கத்து மேஜையில், இளம் ஜோடியின் சூப்பிலிருந்து ஆவி எழுந்து விளக்கைத் தொட்டது. கைடின் மேஜையில் எதுவும் எழவில்லை. ஆனால் கெபாப் மட்டும் எண்ணெய் பூசிய தலை போலப் பளபளத்தது.

"இப்ப அவங்க சிரிக்கிறத மட்டும் பாக்காத. எப்ப சிரிக்கிறாங்கன்னு பாரு."

வெளியே நாலு பேர் நடந்து வந்து, வாசலில் இருந்த உணவுப் பட்டியலைக் குனிந்து படித்தார்கள். கைடு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். பச்சை ஸ்கார்ஃப் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். நாலு பேரும் நிமிர்ந்து பார்த்து, தங்களுக்குள் பேசி, உள்ளே வந்தார்கள். தெரு காலியானது. இருவர் முகத்திலும் சிரிப்பு, குழாயை மூடினாற்போல நின்றது. கைடு கண்ணை மூடி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவள் தாடையைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அடுத்த கும்பல் வந்தது. குழாய் திறந்தது.

மைக் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். அது அபூர்வம்.

கடை நிறைந்தது. முதலாளி துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிப் போட்டார். அவ்வளவுதான், கைடும் அந்தப் பெண்ணும் எழுந்தார்கள். பில் வரவில்லை, அவர்களும் கேட்கவில்லை. தெருப் பக்கம் போகாமல், மைக்கின் முழங்கையை இடித்துக்கொண்டு சமையலறைக் கதவு வழியாக உள்ளே போனார்கள். பின்னாலேயே பணியாள் அவர்களுடைய தட்டுகளைக் கொண்டுவந்தான். கழுவுகிற தொட்டியைத் தாண்டிப் போய், வலை மூடி போட்டு அலமாரியில் வைத்தான்.

கை கழுவப் போகிறேன் என்று எழுந்த மைக், திரும்பி வரும்போது உள்ளங்கையில் எதையோ மறைத்துக்கொண்டு வந்தான். கெபாப் துண்டு. துப்பறிவாளனுக்கு நேரடி சாட்சியம் முக்கியம் என்று சொல்லி வாயில் போட்டான். முதலில் ஒரு புருவம் உயர்ந்தது. பிறகு இன்னொன்று. கைக்குட்டையை எடுத்து அதில் மரியாதையாகத் துப்பினான்.

"உப்பு இல்ல, உறைப்பு இல்ல. போன தேர்தலுக்கு வெட்டின ஆடுபோல இருக்கு. மேல வெறும் எண்ணெய்."

"சாப்பிடறதுக்கு வெச்சது இல்ல அது. பாக்கிறதுக்கு வெச்சது. அவங்களும் அதுக்குத்தான்" என்றாள் அண்ணி.

அவளுக்கு இப்போது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. காலியான கடைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். சந்தோஷமாக நாலு பேர் சாப்பிடுகிற கடையென்றால் தெருவில் போகிறவர்களுக்குக் கால் தானாக நிற்கும். அதற்காக முதலாளி சம்பளம் கொடுத்து ஒரு சந்தோஷத்தை வாங்கி ஜன்னலில் வைத்திருக்கிறார். தினமும் மூன்று வேளைக்கான உணவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு, ஒரு பருக்கைகூட உள்ளே போகாமல் அந்த மனிதர் பசியோடு வீடு திரும்புகிறார்.

அப்படியென்றால் திரும்ப வருவார்களா, பந்தயம் கட்டலாமா என்று மைக் கேட்பதற்கு முன்பே தெருக்கதவு திறந்தது. வேறு கோட்டும் தொப்பியுமாகக் கைடு. ஸ்கார்ஃபைக் கழற்றிவிட்டுத் தலையை விரித்துப் போட்டிருந்த அதே பெண். அப்போதுதான் முதல் முறை வருகிறவர்களைப் போல விளக்குகளை அண்ணாந்து வியந்தார்கள். முதலாளி கைகளை விரித்து வரவேற்றார்.

"சுபம்" என்றான் மைக், ரொட்டியின் கடைசித் துண்டால் தட்டை வழித்தபடி. "தொடுப்பும் இல்ல, துரோகமும் இல்ல. அந்தம்மா பெட்டிய அவுத்துடலாம். வாழ்க்கையில முதல் தடவையா நாம ஒரு வீட்டுக்கு நல்ல சேதி கொண்டு போறோம் அண்ணி."

அண்ணியும் அப்படித்தான் நினைத்தாள். அன்றைக்கு முதல் முறையாகத் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தது போல இருந்தது. ஆனாலும் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போகக் கூடாது என்பது அவள் பழக்கம்.

*

உணவகத்தின் பின்பக்கச் சந்தில், காய்கறிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தார் கைடு. அடுத்த முறை உள்ளே போகும்வரை அங்கேதான் அவருக்கு ஓய்வு. பச்சை ஸ்கார்ஃப் சுவரில் சாய்ந்து நின்று கழுத்தை இப்படியும் அப்படியும் சொடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணி தான் யார், யார் அனுப்பினார்கள் என்பதை ஒளிக்காமல் சொன்னாள்.

கைடு தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். 

பயணிகளின் காதில் மாட்டிவிட ஒரு கருவி வந்துவிட்டதாம். எந்தக் கட்டடத்துக்கு முன்னால் போய் நின்றாலும் அதுவே எல்லாக் கதையையும் எல்லா மொழியிலும் சொல்லிவிடுகிறது. கொடி பிடிக்கிற ஆள் எதற்கு? கம்பெனியில் எல்லோரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாராம். மனைவிக்கு அன்று காய்ச்சல். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டார். மறுநாள் சொல்ல வாய் வரவில்லை. அதற்கடுத்த நாள் சீருடையை அவள் இஸ்திரி போட்டு எடுத்து நீட்டிவிட்டாள்.

"முதல் நாளே சொல்லியிருந்தா வேலை போச்சுன்னு ஒரு வரிதான் மேடம். இப்ப சொன்னா இத்தனை மாசத்துப் பொய்யும் சேர்ந்துல்ல வரும்."

பரவாயில்லை, இப்போது சொல்லிவிடலாம், அவர் மனைவி பயந்ததெல்லாம் வேறு, உண்மை தெரிந்தால் நிம்மதிதான் அடைவாள் என்று அண்ணி ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினாள். கைடு கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"எனக்கு ஒரு பொம்பள இருக்குன்னே அவகிட்ட சொல்லிடுங்க."

அண்ணிக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம்.

"இவங்களத்தான் காட்டுங்க. போட்டோகூட இருக்குதே. பழகிட்டிருக்கோம்னு சொல்லிடுங்க."

"உங்க சம்சாரம் பெட்டி கட்டி வெச்சிருக்காங்க. போயிடுவாங்க."

"போகட்டும். கெட்டவன்னு திட்டிட்டுப் போவா. ஊருக்கே சொல்லித் திட்டுவா. திட்டு வாங்கிக்கலாம் மேடம். ஆனா உண்மையக் கேட்டா அவ திட்ட மாட்டா. என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவா. ஜவுளிக் கடை பொம்மை மாதிரி கண்ணாடிக்குப் பின்னால உக்கார்ந்து பல்ல காட்டறதுக்குச் சம்பளம் வாங்கறேன்னு தெரிஞ்சா, அப்புறம் அவ முன்னால நான் எப்படி சோறு திங்கறது?"

பச்சை ஸ்கார்ஃப் சுவரிலிருந்து விலகி நிமிர்ந்தாள். அவள் நாடகக்காரி. வேறு ஊர்களில் மேடையில் அழுது பேர் வாங்கினவளாம், இங்கே சிரித்துப் பிழைக்கிறாள். என் தலையை உருட்டுவதென்றால் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னாள், கோபமில்லாமல். கோபப்படவும் அவளுக்குத் தெம்பில்லை. உள்ளேயிருந்து துண்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

*

பல் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற வழியெல்லாம் மைக் வாதாடினான். சொல்லித்தான் ஆக வேண்டும், நமக்கு வேலை கொடுத்தது மனைவி, கணவர் அல்ல. கொஞ்ச தூரம் போனதும் அவனே கட்சி மாறினான். அந்த மனிதர் கேட்டதும் நியாயம் மாதிரித்தான் தெரிகிறது, ஒரு மனுஷனிடம் மிச்சம் இருப்பதையும் பிடுங்கி நாம் என்ன செய்யப் போகிறோம். 

அண்ணி முன்னால் நடந்தாள். எத்தனையோ வீட்டு வாசலில் எத்தனையோ கெட்ட செய்திகளைச் சொல்லியிருக்கிறாள். பொய்யான கெட்ட செய்தியைச் சொல்லச் சொல்லி இதுவரை யாரும் அவளைக் கெஞ்சியதில்லை. அதைச் சொன்னால் ஒரு குடும்பம் உடையும், ஒரு மனிதரின் ரோஷம் பிழைக்கும். உண்மையைச் சொன்னால் என்ன உடையும் என்று அவளால் கணிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி நோயாளியும் போய்விட்டிருந்தார். வரவேற்பறையில் மருந்து நெடி. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் இவர்களைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

"இருக்காளா?"

ஒரு 'ஆமாம்' போதும். அந்த ஒரு சொல் அண்ணியின் நாக்கு நுனிவரை வந்தது. எதிரே நிற்கிறவளின் முகத்தைப் பார்த்தாள். தினமும் விடிவதற்கு முன் எழுந்து ஒரு நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்ட முகம். இவளுக்கு வேறு ஒருத்தியைக் கொடுத்து ஏமாற்ற அண்ணிக்கு மனம் வரவில்லை.

"ஒரு பொண்ணு இருக்கா. அவளுக்கும் அது வேலைதான்" என்று தொடங்கி, சதுக்கம், பூங்கா, ஜன்னல், ஆறிப்போன கெபாப், சந்து எல்லாவற்றையும் சொன்னாள். கைடு கெஞ்சியதையும் மறைக்கவில்லை. மைக் சுவரில் மாட்டியிருந்த பல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் கேட்டு முடித்தாள். மேஜை மேலிருந்த பேனாக்களை எடுத்து ஒரு பக்கமாக அடுக்கினாள். பிறகு அவற்றைக் கலைத்தாள்.

"சண்டை போட ஒருத்தி கிடைப்பான்னு நெனச்சேன்" என்றாள். "நாள் பூரா என்ன பேசணும்னு மனசுக்குள்ள எழுதி வெச்சிருந்தேன். இப்ப அத யார்கிட்ட பேசறது?"

அண்ணி உருண்டு விழப் போன ஒரு பேனாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தச் சிரிப்பு? அதுவுமா வேலை?"

"அதுதான் வேலையே."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று அண்ணி எதிர்பார்த்தாள். அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடுவது தெரிந்தது.

"அத முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா நீங்க? நான் இத்தனை நாளா செத்தது அந்தச் சிரிப்புக்குத்தான். வேலை போனா என்னங்க. வேற ஒருத்தி முன்னால அப்படிச் சிரிக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு என் முன்னால ஏன் வரலன்னுதான் தூக்கமே இல்ல எனக்கு."

விளக்குகளை அணைத்தாள். கதவைப் பூட்டினாள். அந்தக் கடை எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றாள்.

*

துருக்கி உணவகத்தின் வாசலில் முதலாளி கைகளை விரித்தார். வந்தவள் முகத்தைப் பார்த்ததும் கை இறங்கியது. பின்பக்கத்தில் அருமையான மேஜை இருக்கிறது என்றார். அவள் அவரைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நேராக ஜன்னலுக்குப் போனாள். அண்ணியும் மைக்கும் உள்ளே போகவில்லை. தெருவில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். கதவு திறந்தே இருந்தது.

கைடு சிரித்துக்கொண்டிருந்தார். தலையைப் பின்னால் சாய்த்தபோதுதான் மனைவியைப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது, எடுத்துவிட மறந்தது போல. நாடகக்காரி ஒரு பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். ஸ்கார்ஃபை எடுத்துக்கொண்டு எழுந்து, தன் நாற்காலியை வந்தவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அடுப்பங்கரைப் பக்கம் போய்விட்டாள்.

கைடு தடுமாறி எழுந்தார். வீட்டுக்குப் போகலாம், அங்கே வைத்து எல்லாம் சொல்கிறேன் என்று என்னவோ முணுமுணுத்தார்.

"உக்காருங்க" என்றாள் மனைவி. "வேலை நேரம்."

அவர் உட்கார்ந்தார். அவளும் எதிரே உட்கார்ந்தாள். பளபளத்த தட்டை ஒரு விரலால் தள்ளி ஓரம் வைத்தாள்.  கைடின் முகம் மெதுவாகக் கலைந்தது. முதலில் வாய், பிறகு மோவாய். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. தெருவில் போன ஒரு கும்பல் அப்படியே நின்றது. யாரோ செல்போனைக்கூடத் தூக்கினார்கள்.

முதலாளி வெளியே ஓடி வந்தார். அண்ணியைப் பார்த்ததும் மூலை மேஜைக்காரி என்று அடையாளம் தெரிந்துவிட்டது.

"அழுவற ஆள ஜன்னல்ல வெச்சா கடை என்னத்துக்காகும்? நீங்கதான கூட்டிட்டு வந்தீங்க. எடுத்துட்டுப் போங்கம்மா."

"இன்னிக்கு ஒரு நாள் உண்மையான சரக்க வெச்சுப் பாருங்க முதலாளி" என்றான் மைக். ஆனால் குரலில் வழக்கமான துடுக்கு இல்லை.

உள்ளே மனைவி எழுந்து நின்றாள். போகப் போகிறாள் என்று நினைத்தாள் அண்ணி.  மனைவி ஜன்னலின் பக்கம் திரும்பினாள். தெருவில் நின்ற கூட்டத்தை, செல்போனை, முதலாளியை, அண்ணியை, எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்தக் கடை திறந்த நாளிலிருந்து யாரும் தொடாத, இரண்டு பக்கமும் கயிறு கட்டிச் சுருக்கி வைத்திருந்த சிவப்புத் திரையின் முடிச்சை அவிழ்த்தாள். தூசி உதிர்ந்தது. ஒரு பக்கத்தை இழுத்தாள். மறு பக்கத்தையும் இழுத்தாள்.

ஜன்னல் மூடிக்கொண்டது. திரைக்குப் பின்னால் வண்ண விளக்குகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். கூட்டம் கலைந்தது. உள்ளே என்ன பேசுவார்கள், பெட்டி அவிழுமா, நாளைக் காலையில் அந்த நீலச் சட்டையை யார் இஸ்திரி போடுவார்கள் என்றெல்லாம் மைக் கேட்டுக்கொண்டே வந்தான். அண்ணி நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொண்டு வந்து சொல்லும்படி இனி யாரும் அவளைக் கேட்கப் போவதும் இல்லை.